மருத்துவிச்சியின் திறமைக்கு யார் சாட்சி?

(கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் ஏறுகின்ற வழக்கறிஞன் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் வெங்காயச் செய்கையாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் வைத்தியசாலையில் தலைப்பிள்ளையைப் பெற்றுச் சுகமாக வீடு திரும்பியவள். திரும்பிய நான்காம் நாள் அவளுக்குக் கடுமையான தலையிடி; கண்ணும் மங்கிற்று. வீடு பார்க்க வந்த மருத்துவிச்சி, நித்திரைக் குறைவினால் வந்தது, ஓய்ந்திருந்தால் மாறும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே வலிப்புக் கண்டது. விடியுமுன் அந்தப் பெண் இறந்து போனாள். “அந்த மனுசிக்குச் சட்டம் என்னவென்று காட்ட வேணும், ஐயா” என்றார் தகப்பனார்.

விசாரணையில் நானும் இருந்தேன். மருத்துவிச்சி இருபத்திரண்டு ஆண்டு சேவை செய்தவர். ஒரு முறைப்பாடும் அவர் பேரில் இல்லை. பிள்ளை பிறந்த பின்னரும் வலிப்பு வரக்கூடும் என்பதைப் பயிற்சிக் காலத்திற் படித்தீர்களா என்று கேட்டார்கள். படித்தேன் என்றார். அதன்பின் எவராவது உங்களிடம் அதைப்பற்றிக் கேட்டதுண்டா என்றார்கள். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “என் புத்தகங்களைப் பார்ப்பார்கள். என்னை ஒருவரும் பார்த்ததில்லை” என்றார்.

அந்தப் புத்தகங்களை நானும் பார்த்தேன். ஒரு கோடு தவறவில்லை; ஒரு கட்டம் நிரப்பாது விடப்படவில்லை. இறந்தவளின் பெயருக்கு நேரேயும் அழகான கையெழுத்தில் ‘நலம்’ என்று எழுதியிருந்தது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? நமது நாட்டின் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டம். அதன் வேராகிய பழைய உரோம நூல்களில் மருத்துவிச்சியே சாட்சிக் கூண்டில் நிற்கிறாள் என்றால் வியப்பீர்கள். மருத்துவிச்சி கொடுத்த மருந்தினால் ஒரு பெண் இறந்துவிட்டால் யார் பொறுப்பு என்பதை, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் லாபியோ என்ற நியாயவாதி ஆராய்ந்தார். தன் கையாலேயே மருந்தை ஏற்றியிருந்தால் அவளே கொன்றவள். அந்தப் பெண் தானே எடுத்துக்கொள்ளும்படி கொடுத்திருந்தால் அதற்கு வேறு வகை வழக்கு என்று அவர் பிரித்தார். அதே நூல்கள் திறமையின்மையையும் குற்றமாகவே எண்ணுகின்றன. அதற்கு உதாரணமாக வருபவர் இருவர். ஒருவர், பிழையாகச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர். மற்றவர், கோவேறு கழுதைகளை அடக்கத் தெரியாமல் வண்டியை விட்ட வண்டிக்காரர். மாட்டு வண்டி ஓட்டிய கமக்காரருக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

ஆனால் வண்டிக்காரன் ஒரு கேள்வி கேட்கலாம். எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை அறிந்துகொள்ள ஒரு வழியும் வையாமல் இத்தனை ஆண்டு என்னிடம் கடிவாளத்தைத் தந்தது யார் என்று கேட்டால், அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எங்கே? விசாரணையில் அந்த நாற்காலி வெறுமையாகவே கிடந்தது.

நன்றி மறந்து பேசுகிறேன் என்று ஒருவரும் கொள்ள வேண்டாம். இந்நாட்டு மருத்துவிச்சிகள் செய்த சேவைக்கு ஈடு சொல்வது கடினம். 1879 இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவிச்சிகளின் பதிவுக்கு இடம் வகுத்தது. 1930 களின் முற்பகுதியில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000 க்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட நாட்டில், 2010 க்குப் பின் பெரும்பாலான ஆண்டுகளில் அத்தொகை 40 க்குக் கீழே நின்றது. மழையிலும் வெயிலிலும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிள் மிதித்த பெண்களுக்கு இதிற் பெரும் பங்குண்டு. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் ஆள் போதாமல் ஒருவரே பல பிரிவுகளைச் சுமந்ததை நாம் கண்ணாற் கண்டோம்.

ஆயினும் வேலை மாறிவிட்டது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. ஊரில் உள்ள குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைக் கையில் ஏந்துவது அரிதாயிற்று. அவர் கண்டுபிடிக்க வேண்டியது ஆபத்தின் முதல் அறிகுறியை: வீக்கம், தலையிடி, நாற்றமுள்ள இரத்தப்போக்கு, பால் குடியாத குழந்தை, எவரோடும் பேசாது சுவரைப் பார்த்திருக்கும் இளந்தாய். பயிற்சி முடிந்த நாளில் எழுதிய பரீட்சை இருபது ஆண்டுக்குப் பின் இவற்றுக்குச் சாட்சி சொல்லுமா?

பயிற்சிக் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டிற் பதினெட்டு மாதப் பயிற்சியே நெடுங்காலம் வழக்கமாக இருந்து வந்தது. சர்வதேச மருத்துவிச்சிகள் கூட்டமைப்போ, தாதிப் பயிற்சி பெறாது நேரே சேருபவருக்கு மூன்றாண்டாவது வேண்டும் என்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் மூன்றாண்டு கற்றவருடைய கையும், பழகாவிட்டால் மறந்துபோகும்.

திறமையை அளப்பது எப்படி? மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990 இல் இதை நான்கு படியாக வகுத்தார். ஒன்றை அறிந்திருப்பது முதற்படி. எப்படிச் செய்வதென்று சொல்லத் தெரிவது அடுத்தது. பிறர் பார்க்கச் செய்து காட்டுவது மூன்றாவது. ஒருவரும் பாராத வேளையிலும் அன்றாட வேலையில் அப்படியே செய்வது நான்காவது. எழுத்துப் பரீட்சை இரண்டாம் படியோடு நின்றுவிடும். பதிவுப் புத்தகமோ ஒரு படியையும் தொடுவதில்லை!

மூன்றாம் படிக்கு ஒரு முறை உண்டு. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் 1975 இல் ஹார்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதி வெளியிட்டது. பரீட்சார்த்தி ஓர் இடத்தில் இரத்த அமுக்கம் பார்ப்பார். மணி அடித்ததும் அடுத்த இடத்தில், மூச்செடாத சிசுவுக்குப் பொம்மையின் மீது காற்றூட்டிக் காட்டுவார். அடுத்ததில், தலையிடி என்று சொல்லும் தாயாக நடிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பார். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித்தாள். முகத்தைப் பார்த்துப் புள்ளி போட இடமில்லை. அந்தப் பெண்ணை இழந்தது இந்த மூன்றாவது இடத்திலேதான்.

திறமையைக் கேட்கும்போது கருவியையும் கேட்க வேண்டும். பிரசவத்தின்பின் போகும் இரத்தத்தைக் கண்மதிப்பால் அளந்தால் குறைவாகவே தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு ஒன்றில், வழக்கமான முறையிலே உதிரப்பெருக்கில் ஏறக்குறையப் பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. அளவுக்கோடு இட்ட விரிப்பைத் தாயின் கீழ் வைத்து, சிகிச்சைகளை ஒருங்கே தொடங்கிய இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டது. பாதியைத் தவற விட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களிடம் அளவு இருக்கவில்லை. நெல்லை மரைக்காலால் அளக்கும் நாம், தாயின் இரத்தத்தைக் கண்ணால் அளக்கச் சொல்லலாமா?

இனி, அளப்பவர் யார் என்பதற்கு வருகிறேன். இங்கிலாந்து 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவிச்சிகளுக்குச் சட்டபூர்வ மேற்பார்வையை ஏற்படுத்திற்று. நூறாண்டுக்கு மேல் அம்முறை நின்றது. பின்னர் மோர்க்கம் குடா வைத்தியசாலை நிர்வாகத்தின் கீழ் 2004 முதல் 2013 வரை நடந்தவற்றை ஆராய்ந்த அறிக்கை 2015 இல் வந்தது. சிகிச்சை வேறுவிதமாக நடந்திருந்தால் 11 சிசுக்களும் ஒரு தாயும் பிழைத்திருக்கக்கூடும் என்று அது கண்டது. அங்கே கூட வேலை செய்தவர்களே மேற்பார்வையாளராக இருந்து விசாரித்தார்கள், குறைகள் மறைந்தன. 2017 இல் அந்தச் சட்டபூர்வ மேற்பார்வை அகற்றப்பட்டது. இப்போது அங்கு மருத்துவிச்சி ஒருவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை, 450 மணி நேரச் சேவையும் 35 மணி நேரக் கல்வியும் காட்டியே பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதுவும் பூரணமானதன்று, மணிக்கணக்கும் ஒரு புத்தகமே. ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாது என்ற பழைய நியாயத்தை அவர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். நாம் அந்த விலையைக் கொடுக்காமலே கற்கலாம். அயல் மாவட்டத்திலிருந்து பரீட்சகர் வரட்டும்.

அந்தப் பரீட்சகருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இது மேடைக்காகச் சொல்வதன்று. ‘நெஞ்சு அடைக்குது’, ‘கண் இருட்டுது’ என்று ஒரு தாய் சொல்லும்போது அதன் கனம் விளங்காதவர், மருத்துவிச்சி கேட்ட கேள்வி சரியா பிழையா என்று எப்படித் தீர்ப்பார்? மலையகத் தோட்டங்களில் தமிழ் பேசும் மருத்துவிச்சிகள் போதாது என்பது நெடுநாளைய முறைப்பாடு. அங்கே முதலாவது திறமை, தாயின் பேச்சு விளங்குவதே. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். மகப்பேற்று வைத்திய நூலொன்றையும் தமிழாக்கினார். அமெரிக்கரான ஒருவரால் அன்று முடிந்தது, இன்று நம்மால் முடியாதென்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சபையிலுள்ள மருத்துவிச்சிகள் சிலருடைய முகத்தில் அச்சம் தெரிகிறது. சகோதரிகளே, உங்கள் வேலையைப் பறிக்க நான் வரவில்லை. தேறாதவரைச் சம்பளத்தோடு திரும்பவும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்; முதல் முறை தவறியதைத் தண்டனைக் கோவையிற் சேர்க்கக் கூடாது. பரீட்சைக்கு முன் கருவியும் பொம்மையும் பிரசவ விடுதியிற் சில வாரப் பழக்கமும் தர வேண்டும். இவை இல்லாமற் பரீட்சை மட்டும் வைத்தால், அதை எதிர்த்து உங்களுக்காக நீதிமன்றம் ஏறுபவன் நானாகவே இருப்பேன்.

இவற்றை மகஜராக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முதற் கையொப்பம் அந்த வெங்காயச் செய்கையாளருடையது. இரண்டாவதாக ஒப்பமிட்டிருப்பவர், விசாரணையில் நின்ற அதே மருத்துவிச்சி. வாசலில் மேசை போட்டிருக்கிறது, பேனையும் இருக்கிறது.