ஞாயிறு மாலை, ஒரு நோட்டு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மடிக்கணினியை மூடினாலும் வேலை ஓய்வதில்லை. குக்கர் விசில் அடிக்கும்போதுதான் அனுப்பாமல் விட்ட அறிக்கை நினைவுக்கு வரும். முடித்ததைவிடப் பாதியில் விட்ட வேலையே மனதில் நன்றாக நிற்கிறது என்று 1927இல் எழுதினார் உளவியலாளர் புளூமா ஸைகார்னிக். 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள்: அதை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டமிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிவிடும்!

அதனால் ஞாயிறு மாலை ஒரு நோட்டை எடுத்து, வரும் வாரத்துக்குத் திட்டமிடுங்கள். ‘அறிக்கை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘செவ்வாய் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும், கணக்குப் பகுதி மட்டும்’ என்று எழுதுங்கள். ஒரு மதியத்தைக் காலியாகவே விடுங்கள். வீடென்றால் திடீர் வேலை வரத்தான் செய்யும். நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கட்டும்.