அறை வாடகையும் அபாயத்தின் விலையும்

இந்த மாநாட்டின் தலைமை நாற்காலியில் என்னைவிடத் தகுதியானவர்கள் இதற்கு முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் இப்போது முன்வரிசையில் இருப்பது என் தயக்கத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் விடுதிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக அரசுகள் நடத்தியதையும் அதன் பொதுச் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது மாநாட்டுக் குழு தந்த தலைப்பு. கடமைக்கு ஒருமுறை வலம் வந்துவிடுகிறேன். நியூசிலாந்து தன் படைவீரர்களை விடுதி வாசலில் நிறுத்தியது. 2020 ஆகஸ்ட் முதல் கட்டணமும் வசூலித்தது. தாயகம் திரும்பும் குடிமக்களைக் குலுக்கல்போல் வரிசைப்படுத்திய அதன் அறை ஒதுக்கீட்டு முறை அவர்களின் உரிமையைப் பாதித்தது என்று 2022இல் அங்கே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹாங்காங் 21 நாள்வரை போனது. தைவானில் 2021 ஏப்ரலில் விமான நிலைய விடுதி ஒன்றையும் விமானிகளையும் சுற்றிப் பரவிய தொற்று, அதுவரை மெச்சப்பட்ட ஒரு முறையை உலுக்கியது. இந்தியா 2020 மே மாத நெறிமுறையில் ஏழு நாள் சொந்தச் செலவில் வெளியிடத்திலும் ஏழு நாள் வீட்டிலும் என்று பாகம் பிரித்தது. இவை பற்றிய கட்டுரைகள் பிற்பகலில் வருகின்றன. அவற்றின் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என் நேரம் முழுவதையும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கே கொடுக்கப் போகிறேன். அங்கே நடந்ததுதான் மிக மோசமானது என்பதால் இல்லை. அங்கேதான் காகிதங்கள் திறந்து கிடக்கின்றன. ஓய்வுபெற்ற நீதிபதி ஜெனிஃபர் கோட் தலைமையில் 2020 ஜூலையில் அமைந்த விசாரணை அந்த ஆண்டு டிசம்பரில் இறுதி அறிக்கை தந்தது. சாட்சியங்களும் ஆவணங்களும் பொதுவெளிக்கு வந்தன. ஓர் அரசு தன் அவசரகால முடிவை இவ்வளவு விரைவில், இவ்வளவு விரிவாகத் தானே அவிழ்த்துக் காட்டியது அபூர்வம். பொது நிதி ஆய்வு என்னும் நம் துறை அந்த அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தது. இணைப்புகளைப் படிக்கவில்லை என்பது என் பணிவான குற்றச்சாட்டு.

எண்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. 2020 மார்ச் 27 அன்று ஆஸ்திரேலியாவின் தேசிய அமைச்சரவை விடுதித் தனிமைப்படுத்தலுக்கு முடிவெடுத்தது. ஏறக்குறைய 36 மணி நேரத்தில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் இறுதிவரை 21,821 பயணிகள் விக்டோரியாவின் விடுதிகளில் தங்கினார்கள். அவர்களில் 236 பேருக்குத் தொற்று உறுதியானது. ஸ்வான்ஸ்டன் தெருவின் ரிட்ஜஸ், நகரின் ஸ்டாம்ஃபோர்டு பிளாசா ஆகிய இரு விடுதிகளில், விரல்விட்டு எண்ணத்தக்க சில பயணிகளிடமிருந்து ஊழியர்களுக்குக் கிருமி தாவியது. மே இறுதிக்குப் பின் மாநிலத்தில் கண்டறியப்பட்ட தொற்றுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிட்ஜஸ் விடுதிக்கும், பத்துக்குச் சற்றுக் குறைவானது ஸ்டாம்ஃபோர்டுக்கும் போய்ச் சேர்ந்தன என்று மரபணு ஆய்வு காட்டியது. 768 பேர் இறந்தனர். 18,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மெல்பர்ன் 112 நாள் முடங்கியது. திட்டத்தின் செலவு ஏறத்தாழ 195 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். தலைக்கு வகுத்தால் 9,000 டாலரை ஒட்டி வரும். இந்த 9,000தான் நம் துறையின் கட்டுரைகளில் மேற்கோளாகச் சுற்றி வருகிறது. கட்டணமாக எவ்வளவு மீட்கலாம், மலிவான விடுதி எடுத்திருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்குகள் எல்லாம் அதன்மேல் எழுந்தவை. வீடே எரிந்து போயிருக்கக் கூரை வேய்ந்த கூலியைப் பற்றி நாம் வாதாடிக் கொண்டிருக்கிறோம்.

இந்தத் திட்டத்தை ஆராய்வதில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உருவாகிவிட்டன. மூவருடனும் எனக்கு நட்பு உண்டு. மூவருடனும் உடன்பாடு இல்லை. முதல் பள்ளி, காவலுக்குத் தனியார் ஆட்களை வைக்க முடிவெடுத்தவர் யார் என்று தேடுகிறது. காவல்துறைத் தலைவரின் குறுஞ்செய்திகள், முதல்வர், அமைச்சரவைத் துறைச் செயலரின் தொலைபேசிப் பதிவு, ஒருவர்பின் ஒருவராக வந்த பதவி விலகல்கள் எல்லாம் இவர்களுக்குத் துப்பறியும் கதையின் சுவையைத் தந்தன. தனியொருவர் எடுத்த முடிவாக அதைக் காட்ட முடியவில்லை, யாரும் மறுக்காததால் அது தானாக நிலைபெற்றுவிட்டது என்றுதான் கோட் கண்டார். அதற்குப் பின்னும் ஆளைத் தேடுவது உழைப்பை வீணாக்குவது. இரண்டாவது பள்ளி காவலாளிகளின் ஒழுக்கத்தைப் பேசுகிறது. தங்கியிருந்தவர்களோடு அவர்களுக்குப் பாலுறவு இருந்தது, அதனால்தான் பரவியது என்று நாளிதழ்கள் கிளப்பிய கதைக்கு விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டுகூட ஓர் ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் அதைப் பார்த்தேன். கட்டுரையாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அடுத்த பதிப்பில் அந்தக் குறிப்பு மறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்றாவது பள்ளி கட்டண மீட்புக்காரர்கள். அவர்களிடம் பின்னால் வருகிறேன். அவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிக நேரம் தேவைப்படுகிறது.

மூவரும் தொடாத ஆதாரம் ஒன்று உண்டு: ஒப்பந்தப் பத்திரங்கள். பொது நிதி ஆய்வாளர்கள் ஒப்பந்தத்தைத் தொகையைப் பார்க்கத்தான் திறக்கிறோம். மற்ற பக்கங்களைச் சட்டக்காரர்களுக்கு விட்டுவிடுகிறோம். விக்டோரியாவில் விலை இருந்ததே அந்த மற்ற பக்கங்களில்தான். காவல் நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தம், காவலாளிகளுக்கு முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தொற்றுத் தடுப்புப் பயிற்சியும் தரும் பொறுப்பை அந்த நிறுவனங்களின் தலையிலேயே வைத்தது. விடுதிகளோடு செய்ததும் ஏறக்குறைய அப்படித்தான். தொற்றுத் தடுப்பைத் தொழிலாகக் கொண்ட ஒரே தரப்பு அரசின் சுகாதாரத் துறை. அந்தத் தரப்புத்தான் பத்திரத்தில் பொறுப்பிலிருந்து விலகி நின்றது. நிறுவனங்கள் வேலையைத் துணை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தன. அவர்கள் அன்றாடக் கூலி ஆட்களை வாட்ஸ்அப் குழுக்களில் அழைத்துச் சேர்த்தார்கள். நேற்று வேறோர் இடத்தில் வேலை, இன்று விடுதியின் நடையோரம், நாளை இன்னோர் இடம். விடுப்பெடுத்தால் கூலி இல்லை. அவர்கள் முடித்த இணையப் பயிற்சி அந்த வேலைக்குப் பொருந்தாதது என்று தொற்றுநோய் வல்லுநர் லிண்ட்சே கிரேசன் விசாரணையில் சாட்சி சொன்னார். அதிக வேலையைப் பெற்ற காவல் நிறுவனமோ அரசின் முன்அங்கீகாரப் பட்டியலிலேயே இல்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அபாயம் ஒரு படி கீழே இறங்கி, அதைத் தாங்க வசதியே இல்லாத ஆளிடம் போய் நின்றது. அவர் காய்ச்சலோடு வேலைக்கு வந்தால் அவரைக் குறை சொல்லலாம். ஆனால் காய்ச்சலோடு வந்தால் மட்டுமே கூலி என்று ஏற்பாடு செய்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் பதியவில்லை.

ஏன் அப்படி எழுதப்பட்டது? ஒப்பந்தங்களைப் போட்டது சுகாதாரத் துறை இல்லை. வேலைவாய்ப்பு, வட்டார வளர்ச்சி ஆகியவற்றைக் கவனிக்கும் துறை. அதற்கு விடுதிகளைத் தெரியும், வெறிச்சோடிய அறைகளின் பட்டியல் அதன் கையில் இருந்தது, சுற்றுலாத் தொழிலாளர்களின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயமான கவலையும் இருந்தது. ஆகவே தனிமைப்படுத்தல் என்ற பொது சுகாதாரப் பணி, தொழில் நிவாரணம் என்ற ஏட்டின் வழியாக உள்ளே வந்தது. இரண்டும் நல்ல நோக்கங்களே. ஆனால் ஒரே செலவினத்தில் இரண்டைக் கலந்தால் தணிக்கையாளர் எந்தக் கேள்வியையும் முழுதாகக் கேட்க முடியாது. வாடகை அதிகமா என்று கேட்டால், வேலைகளைக் காத்தோம் என்று பதில் வரும். பாதுகாப்புப் போதுமா என்று கேட்டால், அது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று பதில் வரும். என் வாதம் இதுதான்: விடுதித் தனிமைப்படுத்தலின் பொதுச் செலவை அறைக்கு இவ்வளவு என்று அளக்கக் கூடாது, கிருமி வெளியேறும் வாய்ப்பு யார் கையில், என்ன ஊக்கத்தோடு இருந்தது என்பதை வைத்து அளக்க வேண்டும். அறை வாடகையில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு முயற்சியும் அந்த வாய்ப்பின் விலையைக் கூட்டுகிறதா என்று பார்க்காத கணக்கு பாதிக் கணக்கு.

பின்னறிவில் பேசுகிறாய் என்பார்கள். 36 மணி நேரத்தில் யார்தான் செம்மையான பத்திரம் எழுத முடியும்? நியாயமான கேள்வி, கோட்டும் அந்த அவசரத்தை அங்கீகரிக்கிறார். ஆனால் முதல் வாரத்தில் எழுதிய பத்திரத்தை எட்டாவது வாரத்தில் திருத்தியிருக்கலாம். ரிட்ஜஸில் முதல் ஊழியருக்குத் தொற்று தெரிந்தது மே இறுதியில். இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கு அவசரம் என்ற சமாதானம் நீளாது. நோயுற்றவர்களையெல்லாம் ஒரே விடுதியில் சேர்ப்பது என்று முடிவெடுத்து, ரிட்ஜஸை அதற்கு ஒதுக்கியபோதாவது அங்கிருக்கும் ஊழியருக்கான விதிகள் மாறியிருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. 2020 டிசம்பரில் விக்டோரியா திட்டத்தைப் புதிதாகத் தொடங்கியது: தனி முகமை, ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்யும் ஊழியர்கள், தினசரிப் பரிசோதனை. அப்படியிருந்தும் 2021 பிப்ரவரியில் விமான நிலையத்தருகே உள்ள ஹாலிடே இன் விடுதியிலிருந்து கிருமி வெளியேறியது. அப்படியானால் ஒப்பந்தம் எப்படியிருந்தால் என்ன, காற்றுப் புகாத சன்னல்களும் பொது நடையோரமும் உள்ள கட்டடம்தானே குற்றவாளி என்று காற்றோட்டக் கட்சியினர் கேட்கிறார்கள். கட்டடம் பற்றி அவர்கள் சொல்வது சரி. 2020 விசாரணை மேற்பரப்புத் தொற்றின்மேல் சாய்ந்தது, காற்றுவழித் தொற்று ஓரத்திலேயே நின்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதையொட்டிய மாதங்களில் பிரிஸ்பேன், பெர்த், அடிலெய்டு விடுதிகளிலிருந்தும் கசிவு நேர்ந்தது. ஆனால் ஹாலிடே இன் கசிவின் விலையைப் பாருங்கள்: இருபத்துச் சொச்சம் பேர், ஐந்து நாள் முடக்கம். தொடர்பறியும் பணி அதற்குள் மேம்பட்டிருந்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனினும் தினமும் பரிசோதிக்கப்படும், வேறெங்கும் வேலைக்குப் போகாத, காய்ச்சல் என்று சொன்னால் கூலி இழக்காத ஊழியர் என்ற ஒரு மாற்றம் இல்லாமல் அந்த ஐந்து நாள் கிடைத்திருக்காது. இரண்டு முறையும் கட்டடம் விடுதிதான். வேலை ஏற்பாடுதான் மாறியிருந்தது.

இனி கட்டண மீட்புக்காரர்கள். பயணி தன் செலவைத் தானே ஏற்கட்டும் என்ற கொள்கை நியூ சவுத் வேல்ஸில் 2020 ஜூலையில் வந்தது: முதல் பெரியவருக்கு 3,000 டாலர், கூட வரும் பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500. விக்டோரியாவும் டிசம்பரில் பின்பற்றியது. பயனடைபவர் செலுத்துவதே நீதி என்பது வாதம். விமானத்தில் வந்தவர் அறையில் அடைபடுவதால் பயனடைபவர் யார்? அவர் இல்லை, வெளியே நடமாடும் ஆறு மில்லியன் மக்கள். அடைபட்டவரிடம் கட்டணம் வாங்குவது, அணை கட்டுவதற்கு ஆற்றிடம் வரி கேட்பது போன்றது. வருவாய்ப் பக்கமாகப் பார்த்தாலும் வாதம் நிற்காது: 768 உயிரும் 112 நாள் முடக்கமும் ஒருபுறமிருக்க, 3,000 டாலர் எந்தத் துளையை அடைத்தது? கட்டணம் ஒன்றை மட்டும் உறுதியாகச் செய்தது. தாயகம் திரும்புவதை வசதியின் கேள்வியாக்கியது. வருகை எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் சேர்ந்தபோது பல்லாயிரம் குடிமக்கள் வெளிநாடுகளில் தங்கிப் போனார்கள். 2021 மே மாதத்தில் இந்தியாவிலிருந்து திரும்பும் ஆஸ்திரேலியருக்கு ஐந்தாண்டுச் சிறை அல்லது 66,600 டாலர் அபராதம் என்று அரசு அறிவித்ததும் அந்த வழியின் முனைதான்: விடுதிகள் தாங்காது என்று தெரிந்தபோது, தாங்கும் இடத்தைக் கட்டுவதற்குப் பதிலாக வருபவரைத் தடுத்தார்கள். அந்த விமானங்களுக்குக் காத்திருந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன; அவர்கள் செலுத்திய விலையை எந்தக் கட்டண மீட்பு அட்டவணையும் எண்ணவில்லை.

அப்படியானால் தனியே கட்டியிருக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய மூன்றாம் அமர்வின் கேள்வி. கட்டுரையின் முன்வடிவைப் பார்த்தேன். டார்வின் அருகே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸில் எரிவாயுத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட பழைய முகாம், தனித்தனித் தாழ்வாரங்களோடு, சமூகத்துக்குள் கசிவில்லாமல் இயங்கியதைக் கட்டுரையாளர் மெச்சுகிறார். ஜேன் ஹால்ட்டன் 2020இல் மத்திய அரசுக்குத் தந்த ஆய்வும் அதையே முன்னிறுத்தியது. பிறகு கட்டுரையாளரே குவீன்ஸ்லாந்தின் வெல்கேம்ப் மையத்தை எடுத்துக்கொண்டு, 20 கோடி டாலரை நெருங்கும் செலவில் 730 பேர்தான் தங்கினார்கள், தலைக்கு ஏறத்தாழ 2,70,000 டாலர் என்று வகுத்து, விடுதியே மலிவு என்று முடிக்கிறார். வகுத்தல் சரி; வகுபடுவது தவறு. அந்த மையம் 2022இல் திறந்தது, தனிமைப்படுத்தல் விதிகள் கரையத் தொடங்கிய பிறகு. இரண்டாண்டு பிந்திக் கட்டியதன் விலையைக் கட்டியதன் விலையாக எழுதியிருக்கிறார். மெல்பர்னின் மிக்கிள்ஹாம் மையத்துக்கும் இதே கதைதான். அதே மாநிலத்தில் பாயிண்ட் நெப்பியனில் 1852இல் தொடங்கிய தனிமைப்படுத்தல் நிலையம் ஒன்று நெடுங்காலம் இயங்கியது. சிட்னியின் நார்த் ஹெட் 1984 வரை தனிமைப்படுத்தல் நிலையமாக இருந்தது. நம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரிலும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை அடைத்து வைக்க இலங்கை அரசு முகாம் நடத்தியது. அங்கே நடந்த அவமதிப்புகளை நான் மறைக்கவில்லை, ஆனால் அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் விரல் காட்ட ஓர் இடம் இருந்தது. இந்த நிலையங்களின் பராமரிப்புச் செலவும், அவற்றைக் கைவிட்டபின் வந்த செலவும் ஒரே அட்டவணையில் வராதவரை வெல்கேம்ப்பின் 730 பேரைக் காட்டி விடுதியை மலிவென்று சொல்ல முடியாது. மூன்றாம் அமர்வில் கட்டுரையாளர் இதற்கு மறுமொழி வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கிறேன். தலைவர் என்ற முறையில் அவருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தரச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்த இணைப்புகளின் படிகளும் வரவேற்பு மேசையில் இருக்கின்றன.