திருமலையில் ஒரு டீப்பி: வாங்கலாமா, கட்டலாமா?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு மெயிலுக்குப் பதில். அனுப்பினவர் பெங்களூர்ல டெஸ்டிங் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் ஆரணி, பட்டு நெசவுக் குடும்பம். திருமலை பக்கத்துல அப்பா பேர்ல ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கு. வார இறுதியில போய்த் தங்க அங்க ஒரு டீப்பி போடணும்னு ஆசை. ஆன்லைன்ல ரெடிமேடா வாங்கலாமா, நாமளே கட்டலாமா? இதுதான் கேள்வி. அப்பா மட்டும் பிடி கொடுக்க மாட்டேங்கிறாராம். கீத்துக் கொட்டாயில இருந்து மாடி வீட்டுக்கு வர அவருக்கு முப்பது வருஷ தறி வேலை ஆச்சு, நீ காசு கொடுத்துத் திரும்ப உள்ள போறியான்னு கேக்கிறாராம்.

டீப்பி தெரியாதவங்களுக்கு: அமெரிக்கச் சமவெளிகள்ல லகோட்டா, ப்ளாக்ஃபுட், க்ரோ மாதிரியான பழங்குடி மக்கள் வாழ்ந்த கூம்பு வீடு. பிக்னிக் கூடாரம் இல்ல, பனிக்காலத்தையும் அதுலதான் கழிச்சாங்க. முதல்ல காட்டெருமைத் தோல்ல தைச்சாங்க. 1870, 80கள்ல அந்த எருமைகளைக் கூட்டம் கூட்டமா சுட்டு அழிச்ச பிறகு கேன்வாஸுக்கு மாற வேண்டியதாச்சு. வீடு பெண்களோட சொத்து. நிறுத்துறது, பிரிக்கிறது எல்லாம் அவங்க கையில. இன்னிக்கு குழந்தைங்க ரூமுக்குன்னு நாலு குச்சியும் ஒரு துணியுமா விக்கிறாங்களே, அதுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒத்துமை.

எனக்குப் பிடிச்சது அதோட டிசைன். டீப்பிங்கிறது நடுவுல எரியிற நெருப்பைச் சுத்திக் கட்டின வீடு. உச்சியில புகை போக ஒரு திறப்பு. அதுக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி ரெண்டு மடிப்பு, வெளியில இருந்து கம்பால அதை நகர்த்தி காத்து வர்ற திசைக்குத் தக்கபடி வைப்பாங்க. உள்ள ஆள் உயரத்துக்கு இன்னொரு துணி கட்டுவாங்க. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவுல ஏறுற காத்து புகையை மேல தள்ளும். கூம்பு நேரா நிக்காது. பின்பக்கம் கொஞ்சம் செங்குத்தா, பலமான மேற்குக் காத்துக்கு முதுகைக் காட்டி நிக்கும், வாசல் கிழக்கே.

திறப்பு இருந்தா மழை உள்ள வராதா? வரும். கம்பு வழியா வழிஞ்சு உள்துணிக்குப் பின்னால இறங்கிடும். அதுக்குத்தான் கம்பைத் தோல் சீவி, கணு எல்லாம் செதுக்கி வழவழன்னு ஆக்குவாங்க. ஒரு கணு துருத்திக்கிட்டு இருந்தா தண்ணி அங்கேயே சொட்டும், நேரா உங்க படுக்கையில.

இப்போ கணக்கு. ஒரு அரைவட்டத் துணியைச் சுருட்டினா கூம்பு. 18 அடி ஆரம் உள்ள அரைவட்டம் எடுத்தா தரையில 18 அடி குறுக்களவு வரும், உயரம் பதினைஞ்சரை அடிக்கு மேல. துணி மட்டும் சுமார் 510 சதுர அடி. தரை 254 சதுர அடி. ஆனா சுவர் உள்ள சாயுதே? அஞ்சரை அடி உயரத்துல தலை இடிக்காம நிக்க கிடைக்கிற இடம் 106 சதுர அடிதான். மீதியில உக்காரலாம், படுக்கலாம், பையை வைக்கலாம். ரெடிமேட் விளம்பரத்துல போடுற அளவு தரை அளவு. இதை மனசுல வெச்சுக்கிட்டு விலையைப் பாருங்க.

சரி, திருமலை வெயிலுக்கு? சமவெளி மக்களும் கோடையில துணியோட அடியைச் சுருட்டி விட்டு காத்து வர வைப்பாங்க. ஆனா நம்ம சித்திரை வெயில்ல துணி சூடேறி உள்ள அனலை இறக்கும். கீத்துல ஓலைக்கு நடுவுல நிக்கிற காத்துதான் வெப்பத்தைத் தடுக்குது, ஒத்தைத் துணிக்கு அந்த வசதி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில ஈரமாவே கிடந்தா பூஞ்சணம் பிடிக்கும், வெயில் நூலை அரிச்சிடும். அதனால திருமலையில டீப்பிக்கு சரியான காலம் தை, மாசி. மத்த மாசம் காயவெச்சு மடிச்சு வீட்டுக்குள்ள வைக்கணும்.

கூம்பு நமக்குப் புதுசு இல்ல. ஊட்டி பக்கத்துல முத்தநாடு மந்துல தோடர்களோட கோயில் புல் வேய்ஞ்ச உயரமான கூம்புதான். கட்ச் பக்கம் வட்டச் சுவர் மேல கூம்புக் கூரை போட்ட பூங்கா வீடுகள்ல பலது 2001 பூகம்பத்துலயும் நின்னுச்சு. அப்போ டீப்பி வடிவத்துல கீத்து வேய்ஞ்சுட்டா ரெண்டும் கிடைக்குமேன்னு மெயில்லயே ஒரு ஐடியா இருந்தது, நடுவுல கேம்ப் ஃபயரோட. இங்கதான் நான் கையைப் பிடிச்சு நிறுத்துவேன். 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியோட சமையல் கூடத்துல பிடிச்ச தீ கீத்துக் கூரைக்குப் பரவி 94 குழந்தைங்க போனாங்க. கீத்துக்குக் கீழ நெருப்பே கூடாது. துணி டீப்பியிலயும் சின்ன நெருப்பு, உயரம், திறப்பு, உள்துணி எல்லாம் சரியா இருந்தாத்தான். நெருப்பு வேணுமா, நிழல் வேணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. நிழல்னா கீத்து, அடுப்பு தள்ளி வெளியில. நெருப்பு வேணும்னா துணி, அதுவும் ரெண்டு மாசம்.

காசைத் தொடுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. திருமலையில குந்தவை ஜினாலயம், நேமிநாதர் சிலை, ஓவியங்கள் இருக்கிற சமணக் கோயில் வளாகம் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. 2010ல திருத்தின சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணும். உங்க நிலம் எவ்வளவு தூரம்னு மெயில்ல இல்ல. துணிக்கூடாரம் கட்டடம் ஆகாதுன்னு நீங்களே தீர்ப்பு எழுதாம, எழுத்துல கேட்டு வாங்குங்க.

வாங்கவா கட்டவான்னா, என் ஓட்டு கட்டுறதுக்கு. சாரத்துக்குப் போடுற சவுக்குக் கம்பு உங்க ஊர்ப் பக்கமே கிடைக்கும். 21 அடிக்குக் குறையாம பதினைஞ்சு கம்பு, அதுபோக காதை நகர்த்த ரெண்டு மெல்லிசு. முதல் மூணை முக்காலி மாதிரி கட்டி நிறுத்திட்டு மத்ததைச் சாய்க்கணும். தையலை மட்டும் பந்தல், படுதா தைக்கிறவங்க கிட்ட கொடுங்க, வீட்டு மிஷின் அந்தத் துணியைத் தாங்காது.

அப்பா விஷயம். குடிசையை மாத்தி கான்கிரீட் வீடு கட்ட 2010லயே அரசு திட்டம் வந்தது. 2024ல கலைஞர் கனவு இல்லம் வந்தப்பவும் நோக்கம் குடிசை இல்லாத தமிழ்நாடுதான். ஒழுகுற கூரைக்குக் கீழ பாவு நனையாம காப்பாத்தினவருக்கு "கிளாம்பிங்"னு சொன்னா கோவம் வரத்தான் செய்யும். ஐப்பசியில ஒருநாள் மழை விட்டதும் அவரையே நிலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி எங்க தேங்குது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேட்டு நாலு முளைக்குச்சி அடிச்சுட்டு வாங்க. கம்பு வாங்குறது அதுக்கப்புறம்.