எறிந்த கேடயமும் எழுதிய கவிதையும்



வீரத்தைப் பாடுவது கவிஞர் பணிகளுள் மிகப் பழமையானது. வீரம் தவறியதைப் பாடுவது அரிது. தவறியவனே தன் வாயால் அதைப் பாடுவது அதனினும் அரிது. பழங்கிரேக்க, உரோமானிய இலக்கியத்தில் கவிஞர் மூவர் அவ்வரிய செயலைச் செய்திருக்கின்றனர். மூவரும் போர்க்களம் கண்டவர்கள். மூவரும் களத்தில் தம் படைக்கலத்தை இழந்து உயிர் மீண்டவர்கள். மூவரும் அதை மறைக்காமல் பாட்டில் வைத்தவர்கள். அவர்கள் பாடியது துணிவா, நாணமின்மையா என்று தீர்ப்பளிக்கும் முன், அவர்கள் கைவிட்ட கேடயம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

கிரேக்க நகர அரசுகளின் வலிமை கனத்த படைக்கலம் தாங்கிய காலாட்படையில் இருந்தது. அவ்வீரனை ஹாப்லைட் என்பர். அவன் பெரும்பாலும் கூலிக்கு வந்தவனல்லன். தன் நிலத்தின் விளைவைக்கொண்டு வாழ்ந்து, படைக்கலத்தைத் தன் பொருளால் வாங்கி, அழைப்பு வந்தபோது அணியில் வந்து நின்ற குடிமகன். தலையில் வெண்கலக் கவசம். கொரிந்த் நகரப் பெயரால் வழங்கும் வகை செவியையும் சேர்த்து மூடிவிடும். மார்புக்கும் கணைக்காலுக்கும் தனித்தனிக் கவசங்கள் உண்டு. வலக்கையில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள ஈட்டி. இவை எல்லாவற்றினும் முதன்மையானது இடக்கையில் தாங்கிய வட்டக் கேடயம். ஏறத்தாழ 90 செ.மீ. விட்டமும் 7 கிலோ அளவு எடையும் உடையது. மரத்தாற் செய்து, முகப்பில் வெண்கலத் தகடு போர்த்தியது. நடுவிலுள்ள பட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, விளிம்பருகே உள்ள பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். நிற்பவனுக்கு அது மதில், ஓடுகிறவனுக்கோ பெருஞ்சுமை. ஆதலால் புறங்காட்டுபவன் முதலில் எறிவது கேடயத்தையே.

இவ்வாறு ஏந்திய கேடயத்தின் ஒரு பாதிதான் ஏந்தியவனை மறைக்கும். மறுபாதி அவன் உடலைக் கடந்து இடப்புறம் நீண்டு, அங்கு நிற்பவனின் திறந்த வலப்பக்கத்துக்குக் காப்பாகும். கி.மு. 418இல் நிகழ்ந்த மான்டினியாப் போரை விவரிக்கும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதுபற்றி ஒரு நுட்பமான செய்தி தருகிறார். படைகள் முன்னேறும்போது அணி முழுவதும் வலப்புறமாகவே ஒதுங்கிச் செல்லும். ஒவ்வொருவனும் அச்சத்தால் தன் வலப்பக்கத்து வீரனின் கேடயத்தை நெருங்கி ஒட்டுவதே அதற்குக் காரணம் என்கிறார் அவர். தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் இழந்தவனை விடுத்து, கேடயத்தை இழந்தவனை மட்டும் ஸ்பார்ட்டா இகழ்வதேன் என்று வினவியபோது, முன்னவை தத்தமக்காக அணிவன, கேடயமோ அணி முழுமைக்கும் உரியது என்று மன்னன் டெமரேட்டஸ் விடை கூறியதாகப் புளூட்டார்க் குறிக்கிறார். ஒரு கேடயத்துக்கு உரியவர் இருவர் என்பதே இவ்விரு செய்திகளின் சாரம்.

அந்த உறவைப் பாட்டாக்கியவர் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் ஸ்பார்ட்டாக் கவிஞர் டிர்ட்டேயஸ். மெசீனியரோடு நடந்த நெடும்போரின்போது அவர் பாடியவை தோளோடு தோள் சேர்ந்து நிற்கச் சொல்லும் பாட்டுகள். இளையோர் பின்னிற்க முதியவர் முன்னணியில் மடிந்து கிடப்பது இழிவு என்றார்; முதுகில் புண்பட்டுக் கிடக்கும் பிணம் நாணத்தக்கது என்றார். புறப்புண்ணுக்கு நாணிய புறநானூற்று மாந்தரை அறிந்த தமிழ் நெஞ்சுக்கு இக்குரல் அயலானதன்று. படையெடுப்பின்போது வீரர்கள் மன்னன் கூடாரத்தின் முன் கூடி டிர்ட்டேயஸின் பாட்டுகளைக் கேட்க வேண்டும் என்று ஸ்பார்ட்டாவில் விதி இருந்ததாக, கி.மு. 330இல் ஏதென்ஸ் சொற்பொழிவாளர் லைகர்கஸ் ஒரு வழக்குரையில் எடுத்துக்காட்டினார். கவிதை அங்கே படைக்கலங்களுள் ஒன்றாயிற்று.

ஏதென்ஸின் நாடகப் பெருங்கவிஞர் ஈஸ்கிலஸையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கி.மு. 490இல் மராத்தான் களத்தில் அவர் நின்றார். அவர் உடன்பிறந்த சினகைரஸ் அங்கே உயிர்நீத்தார். சிசிலித் தீவின் ஜெலா நகரில் ஈஸ்கிலஸ் மறைந்தபின் அவர் கல்லறைக்கு உரியதாக வழங்கும் பாட்டு மராத்தானைக் குறிக்கிறது. அவர் இயற்றிய நாடகங்களுள் ஒன்றையும் குறிக்கவில்லை. கவிஞன் என்பதினும் அணியில் நின்றவன் என்பதே பெரும் பெயர் என்று கருதிய காலம் அது.

அத்தகைய உலகத்தில் ஒரு கவிஞர் நாலே அடியில் வேறொரு குரலை எழுப்பினார். அவரே பேரஸ் தீவின் ஆர்க்கிலோக்கஸ். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் தேசஸ் தீவுக் குடியேற்றத்துக்காக அவர் திரேசியரோடு பொருதினார். அந்தச் சிறு பாட்டின் பொருள் எளியது. புதரோரம் மனமின்றி விட்டுவந்த நல்ல கேடயம் இப்போது பகைவன் ஒருவனை மகிழ்விக்கிறது, உயிர் தப்பியது, போன கேடயம் போகட்டும், அதற்குக் குறையாத வேறொன்று வாங்கலாம் என்பதே அது. புலம்பலும் இல்லை, தற்காப்பு வாதமும் இல்லை. இப்பாட்டுக்காகவே ஸ்பார்ட்டா அவரைத் தன் நகரில் தங்கவிடாமல் வெளியேற்றியது என்று புளூட்டார்க் கூறுகிறார். டிர்ட்டேயஸைக் கேட்டு வளர்ந்த நகரம் வேறு என்ன செய்யும்?

ஏதென்ஸிலும் கேடயம் எறிந்தவன் என்பது கொடுஞ்சொல். குற்றம் மெய்ப்படின் குடியுரிமை பறிபோகும். பொய்யாகச் சொன்னவன் அவதூறு வழக்குக்கு ஆளாவான். கி.மு. 384 அளவில் லிசியஸ் எழுதிய வழக்குரை ஒன்று இச்சொல்லைச் சுற்றியே எழுந்தது. ஆயினும் அதே ஏதென்ஸின் அரங்கில், கி.மு. 421இல் அரிஸ்டோஃபனீஸ் ‘அமைதி’ நாடகத்தை நடத்தினார். கேடயம் எறிந்தவன் என்று ஊர் நகைத்த கிளியோனிமஸின் சிறுமகன் அதில் வருகிறான். திருமண விருந்தில் அவன் பாடுவது ஆர்க்கிலோக்கஸின் அந்தப் பாட்டே. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவையோர் அதைக் கேட்டவுடன் சிரிக்கும் அளவுக்கு அறிந்திருந்தனர். சட்டம் தண்டித்ததை நினைவு காத்துவைத்தது.

அந்நாடகத்துக்கு நான்காண்டு முன்பு, கி.மு. 425இல், ஸ்பாக்டீரியாத் தீவில் சூழப்பட்ட ஸ்பார்ட்டா வீரர்கள் கேடயங்களைத் தாழ்த்திச் சரணடைந்தனர். சிறைப்பட்டோர் 292 பேர். அவர்களுள் 120 பேர் முழுக்குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டர். கிரேக்க உலகம் திகைத்தது. கைப்பற்றிய கேடயங்களுள் ஒன்று 1936இல் ஏதென்ஸ் அகோராவின் அகழ்வில் கிடைத்தது. பைலோஸில் லேசிடெமோனியரிடமிருந்து ஏதென்ஸார் கொண்டது என்பது அதன்மேற் பொறித்த செய்தி. நசுங்கிப் பச்சை படர்ந்த அவ்வெண்கலம் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே வைப்பதைக் கனவிலும் எண்ணாதவர் கைகளும் ஒருநாள் அதைக் கீழே வைத்தன.

இனி, ஆர்க்கிலோக்கஸின் பாட்டைக் கவிஞர்கள் பொய்ப்புகழை உதறிய விடுதலைக் குரலாகப் போற்றுவதுண்டு. அது சரியே, ஆனால் முழுமையன்று. அப்பாட்டில் கேடயம் இருக்கிறது, புதர் இருக்கிறது, மகிழும் பகைவன் இருக்கிறான். இடப்பக்கம் நின்றவன் இல்லை. அவன் என்ன ஆனான்? கேடயத்தின் மறுபாதிக்கு உரியவன் அவனல்லவா? இவ்வினா எழுந்தபின் அந்த நகைச்சுவை முன்போல் இலேசாக இருப்பதில்லை.

இவ்விடத்தில் வரலாற்றாய்வு ஓர் எச்சரிக்கை தருகிறது. நெருங்கிய அணியில் உழவர் வீரர் மோதிய காட்சியை விக்டர் டேவிஸ் ஹான்சன் 1989இல் வெளியிட்ட நூல் அழுத்தமாக வரைந்தது. ஹான்ஸ் வான் வீஸ் 2004இல் வெளியிட்ட நூலோ, தொடக்க காலப் போர் நெகிழ்ந்த ஒழுங்கில், முன்னேறியும் பின்வாங்கியும் நடந்ததென்றும், இறுகிய அணி பிற்காலத்தே உருவானதென்றும் வாதிடுகிறது. இரண்டாவது கருத்து மெய்யானால், புதரோரம் கிடந்த கேடயம் பெரும்பாலும் ஆர்க்கிலோக்கஸுக்கு மட்டுமே உரியது. முதலாவது மெய்யானால் பாதி இன்னொருவனுடையது. சொல் மாறாமல் இருக்க, அணியின் இறுக்கத்தைப் பொறுத்து ஒரே பாட்டு இரண்டு பாட்டாகிவிடுகிறது.

அடுத்தவர் லெஸ்பாஸ் தீவின் அல்கேயஸ். கி.மு. 600 அளவில் சிகேயம் நகருக்காக ஏதென்ஸாரோடு நடந்த போரில் அவர் தப்பியோட, அவர் படைக்கலங்களை ஏதென்ஸார் கைப்பற்றி அங்குள்ள அதீனா கோயிலில் தொங்கவிட்டனர். அல்கேயஸ் இதைப் பாட்டாக்கி, ஊரிலிருந்த நண்பன் மெலனிப்பஸுக்கு அனுப்பினார் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இழந்ததைப் பாடியது மட்டுமன்று, அதை ஒரு நண்பனை விளித்துச் சொன்னது கருதத்தக்கது.

உரோமில் கேடயத்தின் வடிவமே வேறு. லீஜியன் வீரனின் ஸ்கூட்டம் நீண்டு வளைந்தது. நடுவில் ஒரே பிடி. சிரியாவின் தூரா யூரோப்போஸில் 1930களில் கிடைத்த, கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் ஓவியம் தீட்டிய ஸ்கூட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமுடையது. இவ்வகைக் கேடயம் தாங்கியவனையே முழுதும் மறைக்கும். உரோம வீரன் தன்னைச் சுற்றி இடைவெளி கொண்டு நிற்பான். தனித்தும் பொருவான், குழுவாகவும் பொருவான். மாசிடோனிய அணியை லீஜியன் வென்றதற்கு இதுவே காரணம் என்று பொலிபியஸ் விளக்குகிறார். கி.மு. 168இல் பிட்னாக் களத்தில், மேடுபள்ளத்தில் பிளவுண்ட அணியின் இடுக்குகளில் உரோமர் புகுந்தனர். எனினும் கேடயத்தின் கடமை குறையவில்லை. அதை இழந்தவன் இகழ்ச்சிக்கு அஞ்சி, மீட்பது அல்லது மடிவது என்று பகைவர் நடுவே பாய்வான் என்றும், காவலில் தவறியவனைத் தடியாலும் கல்லாலும் அடிப்பவர் அவன் தோழர்களே என்றும் பொலிபியஸ் எழுதுகிறார்.

அந்த உரோமில், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனான ஹோரேஸ், புரூட்டஸின் படையில் அதிகாரியாய் கி.மு. 42இல் பிலிப்பைக் களத்தில் நின்றார். படை தோற்றது. கி.மு. 23இல் வெளியான பாடல்களுள் ஒன்றில், தம் சிறுகேடயத்தை விட்டோடியதை அவர் சொல்கிறார். அது நன்முறையில் விட்டதன்று என்ற ஒப்புதலோடு சொல்கிறார். நாட்டுக்காக மடிவதை உயர்த்தியும், ஓடுபவனையும் சாவு துரத்தும் என்றும் பாடியவரும் அவரே. கிரேக்க முன்னோரின் பாட்டை அவர் நன்கறிவார். ஆதலின் அக்கேடயம் மெய்யா, இலக்கிய மரபா என்று ஆய்வாளர் ஐயுறுவதுண்டு. ஆனால் அப்பாட்டு யாரை நோக்கியது என்பதில் ஐயமில்லை. அதே களத்தில் உடன் நின்ற பொம்பேயஸ் என்னும் தோழனை நோக்கியது. ஹோரேஸை மெர்க்குரி தேவன் பனிமூட்டத்தில் மறைத்துத் தூக்கிச் சென்றுவிட, தோழனையோ போரலை மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டது. பல்லாண்டு கழித்து அவன் ஊர் திரும்புகிறான். கவிஞர் அவனை வரவேற்று, களைத்த உடலைத் தம் வீட்டு மரநிழலில் சாய்க்கச் சொல்லி, மதுவூற்றுகிறார். ஆர்க்கிலோக்கஸின் நாலடியில் காணாத அருகில் நின்றவன் இங்கே வந்துவிட்டான். அவன் முன்னிலையில்தான் எறிந்த கேடயத்தின் கதை சொல்லப்படுகிறது.

ஆர்க்கிலோக்கஸுக்கும் ஒரு முடிவுரை உண்டு. பின்னொரு போரில் நாக்ஸஸ் தீவினன் ஒருவன் கையால் அவர் களத்திலேயே மாண்டார் என்பது மரபு. கொன்றவன் டெல்ஃபிக் கோயிலுக்குச் சென்றபோது, கலைமகளிரின் தொண்டனைக் கொன்றவன் என்று தெய்வவாக்கு அவனை விலக்கியதாம். பேரஸ் தீவு தன் கவிஞனுக்கு வழிபாட்டிடம் அமைத்தது. இன்னொரு கேடயம் வாங்கலாம் என்று பாடியவர், வாங்கி, மீண்டும் அணியில் நின்றார் என்றே கொள்ள வேண்டும். அந்த நாலடியின் மெய்ம்மைக்கு அந்தச் சாவு ஒப்பமிட்டது.

பத்தாண்டுகள் ஒருவர் கவிதைக்கு ஒருவர் செவிகொடுத்து வளர்ந்த அவைக்கு இம்மூவர் கதை பொருந்தும். டிர்ட்டேயஸைப் போல நில் என்று பாடுவதும் கவிதையே. ஓடினேன் என்று பாடுவதும் கவிதையே. இரண்டாவது கடினமானது, ஏனெனில் துணிவு மட்டும் அதற்குப் போதாது. தன் வீழ்ச்சியை எழுதும் கவிஞன், அவ்வீழ்ச்சியால் வெயிலில் விடப்பட்டவனுக்கும் தன் பாட்டில் இடம் தருகிறானா என்று பார்க்க வேண்டும். ஹோரேஸ் தம் வீட்டு மரநிழலில் இடம் தந்தார்.