வாடகையும் மாடிப்படியும்



நம் ஏ.எஸ்.ராவ் நகர்க் குடும்பங்கள் திருமணம், வைத்தியம், நேர்முகத் தேர்வு என்று சென்னைக்கோ மும்பைக்கோ செல்லுங்கால், வணிகப் பகுதியின் உயர்மாடி விடுதியில் தங்குதல் இன்று பெருஞ்செலவன்று. அலுவலர்கள் ஊர் திரும்பிவிடும் சனி, ஞாயிறுகளில் அங்கு வாடகை பெரும்பாலும் தணியும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு வரியும் 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது.

ஆயின், வாடகையைப் பேரம் பேசும் நாம் மாடிப்படியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. 2022 செப்டம்பர் 12 இரவு, நமக்கு அண்மையிலுள்ள சிகந்தராபாத்தில், கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையம் கொண்ட ஒரு விடுதி தீப்பற்றியது. புகை படிக்கட்டு வழியே மேலேறியது. அலுவல் நிமித்தம் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்தோர் உள்ளிட்ட எண்மர் மாண்டனர். அது வானளாவிய கட்டடமன்று, சில மாடிகளே. சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்டு, நம் பெற்றோர் அண்ணாந்து வியந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடமும் 1975-இல் தீக்கிரையாகி மீண்டதே.

எனவே, அறைக்குள் பெட்டியை வைத்ததும் படிக்கட்டுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். இடையே எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாது, லிப்டும் உதவாது. படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தாலோ, மூட்டை முடிச்சுகளால் அடைபட்டிருந்தாலோ வேறு விடுதி தேடுங்கள். ரயில் பெட்டியின் அவசர ஜன்னலருகே அமர்ந்தே பயணம் செய்தும் அதனை அறியாதார் எத்தனை பேர்!

முதியோருடன் சென்றால் கீழ்மாடி அறையே கேளுங்கள். பிள்ளைகள் இசையார். மாலையில் அவர்களை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று நகரின் விளக்குகளைக் காட்டிவிட்டு இறங்கலாம்.