மகிழடியில் நின்ற அறம்

(திருவொற்றியூர் மாசிப் பெருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மகிழடி சேவையைக் கண்டு கண் குளிர்ந்து வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் காட்சி நெஞ்சைவிட்டு நீங்குவதற்குள் ஒரு வினாவை உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு சொற்பொழிவை முடித்து இறங்கும்போது, துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார். “ஐயா, நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு எடையிலும் கூலியிலும் குறைத்தவரைப் பார்த்திருக்கிறேன். கடவுளே இல்லை என்று பேசிக்கொண்டு, அடிபட்ட தோழன் வீட்டுக்குத் தம் கூலியில் பாதியைக் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். கடவுள் சொன்னதால்தான் அறம் என்றால் அந்த மனிதருக்கு அது எங்கிருந்து வந்தது? அறம் தானாகவே நிற்கும் என்றால் கோயில் எதற்கு?” என்று கேட்டார். அன்று ஏதோ ஒரு விடையைச் சொல்லி வந்துவிட்டோம். வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது. அதற்குரிய விடை இவ்வூர்த் தலவரலாற்றிலேயே இருக்கின்றது.

ஞாயிறு என்னும் ஊரிலே பிறந்த சங்கிலியார், மணவாழ்வை நாடாது, ஒற்றியூர்ப் பெருமானுக்குப் பூமாலை தொடுக்கும் திருப்பணியில் இருந்தார். தம்பிரான் தோழராகிய சுந்தரர் அவரைக் கண்டு விரும்பிப் பெருமானிடமே முறையிட்டார். பெருமான் சங்கிலியாரின் கனவிலே தோன்றிச் சுந்தரருக்காகப் பேசினார். அவர் திருவாரூரிலே பரவையாரோடு வாழ்கின்றவர் ஆயிற்றே என்று அம்மையார் தயங்கினார். உன்னைப் பிரியேன் என்று அவர் சூளுறவு செய்து தருவார் எனப் பெருமான் ஆற்றினார்.

இனித்தான் கதையின் உயிர்நிலை. சூளுறவு என்றதும் சுந்தரருக்கு அச்சம் பிறந்தது. எந்நாளும் இவ்வூரிலேயே இருக்க இயலாதே! ஆகவே, “யாம் சன்னிதியிலே சூளுறும்போது தேவரீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியிலே இருந்தருள வேண்டும்” என்று வேண்டிக்கொண்டார். பெருமானும் இசைந்தார். இசைந்தவர் நேரே சங்கிலியாரின் கனவிலே சென்று, “அவரை மகிழ மரத்தடியிலே சூளுறச் சொல்” என்று உரைத்துவிட்டார்! மறுநாள் தோழியர் மகிழடிக்கே அழைக்க, மறுக்க வழியின்றிச் சுந்தரர் அம்மரத்தை வலம்வந்து, ஒற்றியூரை விட்டுப் பிரியேன் என்று ஆணையிட்டார்.

அன்பர்களே, இங்கே நன்றாக நோக்க வேண்டும். பெருமான் தோழருக்குத் தந்த வாக்கிலும் பிழைக்கவில்லை. சொன்னபடியே மகிழடியிலே இருந்தார். அபலையாகிய பெண்ணுக்குத் தந்த வாக்கிலும் பிழைக்கவில்லை. தோழமைக்கு இடங்கொடுத்த பெருமான் பொய்க்கு இடங்கொடுக்கவில்லை.

பின்னர் ஆரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. சென்றது சிவனைக் காணத்தானே? ஆரூரில் இருப்பவரும் அதே பெருமான்தானே? ஆயினும் சொன்ன சொல் சொன்ன சொல்தான். கடவுளின் தோழருக்கும் அதில் விலக்கு இல்லை. அறம் என்பது ஆண்டவன் விரும்பியபடி வளைகின்ற ஒன்றாக இருந்திருந்தால், தம் தோழர் பொருட்டன்றோ முதலில் வளைத்திருப்பான்?

நம் சித்தாந்தமும் இதனையே உறுதி செய்கின்றது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி. வினையை இறைவன் படைத்தான் என்று நம் ஆசிரியர்கள் சொல்லவில்லை. வினைப்பயனை உயிர்களுக்கு ஊட்டுபவன் என்றே சொன்னார்கள். கடலோரத்து மக்களாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கலங்கரை விளக்கம் பாறையை உண்டாக்குவதில்லை. இருக்கின்ற பாறையைக் காட்டுகின்றது. நன்மை நன்மையாகவும் தீமை தீமையாகவும் இருக்க, அதனை உயிர்களுக்குக் காட்டுவது அருள். விளக்கைப் பாராமலும் பழகிய கையினாலே கரை சேரும் படகோட்டி உண்டு. கூலியிலே பாதியைக் கொடுத்த அம்மனிதர் அத்தகையவர். அவர் கரை சேர்ந்ததை இல்லையென்று மறுப்பது நமக்குப் பெருமை ஆகாது.

திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை முதலதிகாரமாக வைத்தார். ஆயினும் நான்காம் அதிகாரத்திலே அறத்தை வரையறுக்கும்போது, மனத்தின் தூய்மையையே அளவுகோலாக்கினார். இன்ன சமயத்தான் செய்தால்தான் அறம் என்று எல்லை கட்டவில்லை. 2017 சனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய்க் கசடு நம் கரையெங்கும் ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளி வாளியாக அதை அள்ளினார்கள். அக்கைகளில் எது நீறு பூசிய கை, எது செபமாலை உருட்டிய கை, எது எதையும் தொழாத கை என்று யார் பிரித்தார்கள்?

இவ்விடத்தே சாத்திரம் கற்றவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். “தக்கன் செய்த வேள்வி தீவினை ஆயிற்று, சண்டேசர் தந்தையின் தாளை வெட்டியது நல்வினை ஆயிற்று, இதனைச் சிவஞான சித்தியாரிலே அருணந்தி சிவாசாரியரே காட்டியிருக்கிறாரே! அன்பர் செய்தால் எதுவும் அறம்தானே?” என்பார்கள். நேர்மையான தடை, தள்ளிவிடக் கூடாது. ஆனால் சண்டேசர் தமக்கென ஒன்றும் வேண்டினாரா? பூசையிலே தம்மையே மறந்து நின்றவர் அவர். தக்கனோ வேள்வியின் நடுவிலும் ‘யான்’ என்பதை மறந்தானல்லன். இருவரையும் அளந்த கோல் ஒன்றே. ஆணவம் உண்டா இல்லையா என்பதே அக்கோல். ஆதலால், ‘சிவனுக்காகச் செய்தேன்’ என்று சொல்லி, வந்த ஆதாயத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகின்றவன் சண்டேசரைத் துணைக்கு அழைக்க உரிமை இல்லாதவன்.

பிறரைச் சொல்லி நாம் தப்பிவிடலாகாது. ஓராண்டு, கடலோரக் குப்பம் ஒன்றின் சிறு கோயிலுக்கு விரிவுரை செய்ய ஒப்புக்கொண்டிருந்தோம். அதே நாளிலே பெரிய சபை ஒன்று அழைத்தது. இரண்டும் சிவத்தொண்டுதானே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பெரிய இடத்துக்குப் போனோம். குப்பத்து மக்கள் விளக்கேற்றி, பாய் விரித்து, இரவு பத்து மணிவரை காத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். கருவறையிலிருந்து சற்று விலகி இரும் என்று நாமும் அன்று பெருமானை வேண்டிக்கொண்டோம். வேறுபாடு ஒன்றுதான்: சுந்தரருக்குக் கண் மறைந்தது தெரிந்தது, நமக்கு அதுவும் தெரியவில்லை.

அப்படியானால் கோயில் எதற்கு? அதற்கும் சுந்தரர் வரலாறே விடை. கண்ணிழந்தவர் பெருமானை விட்டு ஓடவில்லை, பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கிடைத்தது. அப்பழைய தலம், சென்னையின் குடிநீருக்காக 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்திற்குள் ஆழ்ந்துபோக, திருக்கோயில் பூண்டியிலே மீண்டும் எழுந்திருக்கின்றது. காஞ்சியிலே இடக்கண் கிடைத்தது. ஆரூரிலே வலக்கண் கிடைத்தது. தண்டனையை நீக்காத பெருமான் தனியே விடவும் இல்லை. கண்ணை உடனே தரவில்லை. நடப்பதற்குக் கோலைத் தந்தார். அறம் நம் பிழையைக் காட்டும். பிழைத்தவன் திரும்பி நடப்பதற்குக் கையிலே கோல் தருவது அருள். அதற்காகத்தான் கோயில், பிழை செய்ய உரிமைச்சீட்டு வாங்குவதற்காக அன்று.

அந்த முதியவரை மீண்டும் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறோம். இன்று வீடு செல்லும்போது, யாருக்கு என்ன சொல் கொடுத்து நிறைவேற்றாமல் இருக்கின்றோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். கொடுக்க வேண்டிய கூலியாக இருக்கலாம்; பெற்ற தாய்க்குச் சொன்ன சொல்லாக இருக்கலாம். அதை நிறைவேற்றிவிட்டு வந்து அடுத்த ஆண்டு மகிழடி சேவையைக் காணுங்கள். நாமும் குப்பத்துக் கோயிலுக்கு நாள் கேட்டிருக்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.