கடற்கரடியும் தண்டையலும்



நாங்கள் வாழும் இந்த ஜேர்மனியில், இளமையிலிருந்தே கடலோடிப் பழுத்த முதியவரை 'ஸேபேர்' என்பார்கள். கடற்கரடி என்று பொருள். 'ஸால்ட்ஸ்புக்கெல்' என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. அதாவது, உப்பு ஏறிய முதுகு.

ஆங்கிலேயரும் இதே உப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அனுபவமுள்ள கடலோடி அவர்களுக்கு 'ஓல்ட் சோல்ற்', பழைய உப்பு. 'சீ டோக்' என்றால் கடல் நாய். அது ஏச்சு அல்ல, மதிப்பு. மாலுமியை 'ரார்' என்றும் சொல்வார்கள். அது நம்முடைய தார்தான். பாய்க்கப்பல் காலத்தில் கயிறு உக்காமலிருக்கத் தார் பூசினார்கள். மழைக்குப் போட்ட துணியிலும் தார். கடைசியில் ஆளுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பூமத்தியரேகையைக் கடந்தவர் 'ஷெல்பாக்', ஓட்டு முதுகுக்காரர். கடக்காதவர் 'பொலிவொக்', வெறும் வாற்பேத்தை!

நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? பழந்தமிழில் மீகாமன். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் நடத்தியவர் தண்டையல். தண்டல் என்றும் சொல்வதுண்டு. அந்தச் சொல் 'ரின்டல்' என்று ஆங்கிலத்துக்கும் போனது. ஆங்கிலேயரின் கப்பல்களில் வேலை செய்த ஆசியக் கடலோடிகளிடையே, செராங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவரின் பதவிப்பெயர் அது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அவர்கள் கடல் உடம்பில் விட்ட அடையாளத்தைக் கொண்டு பெயர் வைத்தார்கள். நம்முடைய பெயரில் பொறுப்பு இருக்கிறது. கப்பல், சரக்கு, ஆட்களின் உயிர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் தண்டையல்.

வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான ராபின்சன் வாங்கினார். அந்தக் கப்பலைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் நம்மூர்க் கடலோடிகளும் கடல்கடந்து செலுத்தி, 1938இல் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அவர்களும் உப்பு ஏறியவர்கள்தான்.

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் வந்த 'கேப்டன் பிளவ்பேர்' தெரியும். பேரப்பிள்ளைகளுக்குப் புளுகு சொல்லும் அந்த நீலக்கரடியும் ஒரு ஸேபேர்தான். ஆனால் தண்டையல் என்றால் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பாய்க்கப்பல் போனது, போர் வந்தது, ஊர் சிதறியது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் கணக்கு எழுதுகிறவன். ஏட்டில் பதியாத சொத்து காணாமற்போனால் யாருக்கும் தெரியாது. கரையோர ஊர்ப் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள். சோழகம் எப்போது எழும்பும், கச்சான் எந்தப் பக்கத்துக் காற்று, வாடைக்கு என்ன செய்வார்கள், பாயின் ஒவ்வொரு கயிற்றுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குரலையும் பதிந்து வைத்தால் இன்னும் நல்லது.